பொழுது படுமுன் வண்டிலை அவிழ்!

ஊர் சுற்றிப் பார்க்கப் புறப்படுவோரில் இரு சாரார் உண்டு. விடுதியில் அறை பிடித்து, மெத்தையில் உறங்கி, மணியை அழுத்தினால் தேநீர் வரும் வகையில் பிரயாணம் செய்வோர் ஒரு சாரார். கூடாரத்தையும் அடுப்பையும் அரிசிப் பையையும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு, நல்ல நிழல் கண்ட இடத்தில் இறங்கி, உலை வைத்து உண்டு, வானத்தைப் பார்த்தபடி உறங்குவோர் மற்றச் சாரார். நான் இரண்டாஞ் சாராரைச் சேர்ந்தவன். பன்னிரண்டு வருடங்களாக, ஆண்டுக்கொரு முறையேனும் பழைய வான் ஒன்றில் குடும்பத்தாருடன் இலங்கையின் ஏதாவதொரு மூலைக்குப் புறப்பட்டுவிடுவது என் வழக்கம். மன்னார் மணலிலும், மட்டக்களப்பு வாவிக்கரையிலும், ஊவா மலைச்சரிவிலும் என் கூடாரம் நின்றிருக்கிறது.

"எங்கே இரவு வருகிறதோ, அங்கே தங்குவோம்" என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அந்த வாக்கியத்தை இப்போது நான் சொல்வதில்லை. அது எத்துணை அறிவீனமான வாக்கியம் என்பதை 2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்து இரவொன்று எனக்குக் கற்பித்தது. கூடாரப் பிரயாணத்தில் ஆசை கொண்ட இளைஞர் பலர் இப்போது நம்மிடையே தோன்றியிருக்கின்றனர். அவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தினாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

பாட்டனாரின் மூன்று வாக்கியங்கள்

என் பாட்டனார் வண்டில்காரர். புகையிலையும் பனங்கட்டியும் ஏற்றிக்கொண்டு ஆனையிறவைக் கடந்து வன்னிக்குச் செல்வார்; நெல்லும் வைக்கோலும் கொண்டு திரும்புவார். நான் அறிந்த காலத்தில் அவர் திண்ணையை விட்டு இறங்காத முதியவர். ஆயினும், யாராவது தூரப் பயணம் புறப்படுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், அவர்களை அழைத்து மூன்று வாக்கியங்களைச் சொல்லாமல் விடமாட்டார்.

"பொழுது படுமுன் வண்டிலை அவிழ். நுகத்தடி வழியைப் பார்த்துக் கிடக்கட்டும். உடம்பு நிலத்திலே படக்கூடாது."

பேரப்பிள்ளைகளாகிய நாங்கள் அவர் குரலிலேயே அதைச் சொல்லிக்காட்டிச் சிரிப்போம். பேருந்தும் புகைவண்டியும் ஓடுகிற காலத்தில் நுகத்தடி எதற்கு, அவிழ்ப்பு எதற்கு என்பது எங்கள் நினைப்பு. அந்த மூன்று வாக்கியங்களையும் ஒரே இரவில் நான் மீறினேன்.

அந்த இரவு

நாங்கள் ஒன்பது பேர். யாழ்ப்பாணத்திலிருந்து வைகறையிலே புறப்பட்டோம். பொத்துவிலுக்கு அப்பால், நண்பர் ஒருவரின் உறவினருக்குச் சொந்தமான காணியில் இரண்டு நாள் தங்குவதாக ஏற்பாடு. வழியிலே பாசிக்குடாவின் கடலைக் கண்டதும் பிள்ளைகள் இறங்கிவிட்டனர். நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவுக்கு மேற்படாத கடல் அது. யாருக்குத்தான் கரையேற மனம் வரும்? அரைமணி நேரம் என்றது மூன்று மணி நேரமாயிற்று. காணியை அடைந்தபோது இரவு ஒன்பது மணி. சுற்றிலும் அறுவடை முடிந்த வயல். வண்டியின் முன்விளக்கு வெளிச்சத்தைத் தவிர வேறு வெளிச்சமில்லை.

பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக ஒரு கூடாரத்தை ஒருவாறு நிறுத்தினோம். மற்றக் கூடாரத்தின் கம்புகள் இருட்டிலே ஒன்றோடொன்று பொருந்த மறுத்தன. ஆண்கள் நால்வரும் வண்டிக்கும் ஒரு மருத மரத்துக்கும் இடையில் தார்ப்பாயைக் கட்டி, அதன் கீழ் வெறுந்தரையில் பாயை விரித்தோம். நுளம்பு வலை பைகளின் அடியில் எங்கோ கிடந்தது. "ஓரிரவுதானே" என்று அதை விட்டுவிட்டோம். வண்டி முகத்தை மரத்துக்குக் கொடுத்தபடி நின்றது. கூடாரத்துக் கயிறுகள் அதன் சில்லிலும் கண்ணாடியிலும் கட்டப்பட்டிருந்தன. திறப்பை யார் எங்கே வைத்தார் என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

இரவு இரண்டு மணியிருக்கும். என் மனைவியின் தம்பி எழுந்து உட்கார்ந்தான். "அத்தான், இரவு தின்ற மீன் சரியில்லைப் போலக் கிடக்கு, வயிறு முறுக்குது" என்றான். ஓமத்தைக் கொதிக்கவைத்துக் கொடுத்தோம். குடித்துவிட்டுப் படுத்தான், மறுபடி எழுந்தான். இவ்வாறு ஒரு மணி நேரம் கழிந்தது. மீனையும் சமைத்தவரையும் குறை சொல்லிக்கொண்டிருந்தோமேயன்றி வேறொன்றையும் நாங்கள் எண்ணவில்லை. ரோச் விளக்கைப் பிடித்தபடி நின்ற என் மனைவிதான் முதலில் கண்டாள். "இவன் ஏன் கண்ணைத் திறக்கிறானில்லை? இமை இரண்டும் விழுது!" என்று அலறினாள். அவன் பேச முயன்றான். நாக்குத் தடித்துச் சொல் குழறியது. முழங்கைக்கு அருகே, தேடிப் பார்த்தாலன்றிப் புலப்படாத இரண்டு சிறு புள்ளிகள் இருந்தன. வீக்கமில்லை, இரத்தமில்லை. வலித்ததாக அவன் சொல்லவுமில்லை.

அது கட்டுவிரியனின் வேலை என்று பின்னர் வைத்தியர் சொன்னார். முத்திரைப் புடையன் கடித்தால் கடுமையான வலியும் வீக்கமும் உண்டாகும். கடிபட்டவர் உடனே அறிந்துகொள்வார். கட்டுவிரியனோ இரவிலே இரை தேடித் திரிவது. தரையில் உறங்குபவரின் பாயருகே வந்து, அவர் புரண்டால் கடிப்பது. அந்தக் கடி பல வேளைகளில் உறக்கத்தைக்கூடக் கலைப்பதில்லை. வயிற்று வலியே முதல் அறிகுறியாக வருதலும் உண்டு. பிறகு இமைகள் தளரும். விழுங்க முடியாமற் போகும். ஈற்றில் சுவாசத் தசைகள் ஓய்ந்துவிடும்.

அறிந்த கணத்தில் பறந்திருக்க வேண்டும். பறக்க முடியவில்லை. திறப்பைக் காணவில்லை. பாய்களை உதறினோம், பைகளைக் கொட்டினோம். இருபது நிமிடத்தின் பின் அது ஓர் அரிசிச் சுளகின் அடியில் கிடைத்தது. வண்டியைப் பின்னோக்கி எடுக்கக் கயிறுகளை வெட்ட வேண்டியிருந்தது. இதற்கிடையில் ஒருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து, இலவச அம்பியூலன்ஸ் சேவையினருடன் பேசினார். "நீங்கள் நிற்கும் இடம் எது?" என்று அவர்கள் நிதானமாகக் கேட்டார்கள். "வயல்... ஒரு பெரிய மருதமரம்..." என்பதற்கு மேல் எங்களால் எதுவும் சொல்ல முடியவில்லை. ஊரின் பெயர் எங்கள் ஒருவருக்கும் தெரியாது! பிரதான வீதிக்கு வருகிறோம் என்று சொல்லி, வண்டியை ஓட்டிச் சென்று, வழியில் அவர்களைச் சந்தித்தோம்.

வைத்தியசாலையை அடைந்த சிறிது நேரத்தில் அவனுடைய சுவாசம் ஓயத் தொடங்கியது. விஷமுறிவு மருந்தை ஏற்றினார்கள். தொண்டைக்குள் குழாயை இறக்கினார்கள். நான்கு நாட்கள் ஓர் இயந்திரம் அவனுக்காக மூச்சு விட்டது. கண் திறக்காமல், விரல் அசைக்காமல் அவன் கிடந்த அந்நாட்களில், எல்லாம் முடிந்துவிட்டதென்றே நாங்கள் கட்டிலருகில் நின்று அழுதோம். பிழைத்தெழுந்த பின் அவன் சொன்னான்: "எனக்கு எல்லாம் கேட்டது அத்தான். கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆனால் நீங்கள் அழுததெல்லாம் கேட்டது." கட்டுவிரியன் விஷம் தசைகளைக் கட்டிப்போடுமேயன்றி அறிவை மயக்குவதில்லையாம். இத்தகைய நோயாளியின் அருகில் நிற்போர் தைரியமான வார்த்தைகளையே பேசவேண்டும் என்பதை அன்று அறிந்தேன்.

"ஒரு மணி நேரம் முந்தி வந்திருக்கலாம். இன்னும் ஒரு மணி நேரம் பிந்தியிருந்தால் வந்தும் பயனில்லை" என்றார் வைத்தியர். அந்த ஒரு மணி நேரம் எங்கே போயிற்று என்று நான் பலமுறை கணக்குப் பார்த்திருக்கிறேன். பாசிக்குடாவில் போயிற்று, ஓமத் தண்ணீரில் போயிற்று, சுளகின் அடியில் போயிற்று. பாட்டனாரின் மூன்று வாக்கியங்களும் அன்றுதான் எனக்கு விளங்கின.

அவிழ்க்கும் வேளை

நமது நாடு பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ளது. சூரியன் இங்கே சாய்வாக அன்றி நேராகவே இறங்குகிறது. ஆகையால் அந்திப்பொழுது மிகக் குறுகியது. ஆறு, ஆறரை மணியளவில் கதிரவன் மறைந்தால் அரைமணி நேரத்துக்குள் இருள் கவிந்துவிடும். நாலு மணிக்கெல்லாம் தங்குமிடத்தை அடைந்துவிட வேண்டும் என்பது இப்போது என் சட்டம். வெளிச்சமிருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் செய்தவையே இரவு முழுவதற்குமான பாதுகாப்பு. அவையே சுகமும் ஆகும். பாதுகாப்பு வேறு, சௌகரியம் வேறு என்று நான் எண்ணியிருந்தேன். வலைக்குள்ளே படுத்தவனைப் பாம்பும் தீண்டுவதில்லை, நுளம்பும் கடிப்பதில்லை. அவன் நன்றாக உறங்குகிறான். இரண்டும் ஒன்றே.

வெளிச்சத்தில் முதலாவதாகக் காணியைச் சுற்றி நடந்து பாருங்கள். கறையான் புற்று, விறகுக் குவியல், வைக்கோற் போர், எலி வளை ஆகியவற்றுக்கு அருகில் கூடாரம் வேண்டாம். மேலே நிமிர்ந்து பாருங்கள். பட்ட கொப்பும் தேங்காய்க் குலையும் உறங்குபவன் தலைக்கு நேரே இருக்கலாகாது. காய்ந்த ஆற்று மணல் மெத்தைபோலத் தோன்றும். அது ஆற்றின் படுக்கை, நமது படுக்கையன்று. நமக்கு மேலே வானம் தெளிந்திருக்க, மலையிலே பெய்த மழை நள்ளிரவில் வெள்ளமாக வந்து சேரும். குளக்கட்டின் அடிவாரமும், நீரை நோக்கிச் செல்லும் ஒற்றையடித் தடமும் யானையின் வழிகள். ஆற்று விளிம்பிலும் வாவிக்கரையிலும் முதலை உண்டா என்று ஊரவரைக் கேளாமல் நீரில் இறங்கலாகாது. ஊரவர் ஒருவரைக் கண்டு பேசுவதே எல்லாவற்றிலும் மேலான காவல். அவர் இடத்தின் பெயரைச் சொல்வார், கிணற்றைக் காட்டுவார், முந்திய நாள் யானை வந்த வழியையும் சொல்வார்.

அந்த இடத்தின் பெயரையும், வீதியின் இலக்கத்தையும், அருகிலுள்ள கிலோமீற்றர் கல்லையும், மிக அண்மையிலுள்ள வைத்தியசாலையையும் ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிடுகிறேன். கைத்தொலைபேசி இருக்கிறதே என்பீர்கள். அலை கிடைக்காத இடங்கள் இன்னும் பல உள்ளன; மின்கலமும் தீர்ந்துபோகும். தாளுக்கு இரண்டு குறையும் இல்லை.

நுகத்தடியின் திசை

வண்டில்காரர் மாட்டை அவிழ்த்ததும் வண்டிலைத் திருப்பி, நுகத்தடி வீதியை நோக்கும்படி நிறுத்துவர். இரவில் காட்டு மிருகமோ கள்வரோ நோயோ வந்தால் மாட்டைப் பூட்டியவுடன் புறப்படலாம். மோட்டார் வண்டிக்கும் அதுவே முறை. வண்டியின் முகம் வீதியைப் பார்க்கவேண்டும். அதில் ஒரு கயிறும் கட்டலாகாது. திறப்புக்கு ஓர் ஆணி. அந்த ஆணியை வளர்ந்தவர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். எரிபொருள் தாங்கியில் பாதிக்குக் குறையாமல் எண்ணெய் இருக்கவேண்டும்.

புறப்படுமுன் வண்டியைக் கவனிப்பதும் இதனுள் அடங்கும். ரயர்களின் காற்றமுக்கத்தைக் காலையில், அவை சூடேறுமுன் பார்க்கவேண்டும். மேலதிகச் சில்லையும் மறக்கலாகாது. பாரமான பொருட்களைக் கூரைமேல் ஏற்றினால் வளைவுகளில் வண்டி சாயும். ஆகையால் அரிசியும் நீரும் கீழே, பாயும் தலையணையும் மேலே. அப்புத்தளைப் பக்கத்திலிருந்து வெல்லவாயா நோக்கி இறங்கும் மலைவீதிகளில், முழுத் தூரமும் பிறேக்கிலேயே காலை வைத்திருப்போர் உளர். பிறேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்குவதே முறை; இயந்திரமே வேகத்தை அடக்கிக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்கொரு முறை சாரதி இறங்கி நடக்கவேண்டும். இரவிலே உலர்வலய வீதிகளில் ஓட்டாதிருப்பது நன்று. வெப்பம் ஏறிய தாரில் படுத்திருக்கும் மாடுகளும், விளக்கின்றி வரும் உழவு இயந்திரங்களும், கரிய யானைகளும் கடைசி நொடியிலேயே கண்ணிற் படும்.

யானையைப் பற்றி இன்னுமொரு வார்த்தை. புத்தளை–கதிர்காமம் வீதியில் யானைகள் வாகனங்களை மறித்து உணவு கேட்பதைப் பிரயாணிகள் அறிவர். அது யானையின் குற்றமன்று. வாழைப்பழம் நீட்டிப் பழக்கியவரின் குற்றம். அதே மணம் கூடாரத்திலிருந்து வந்தால் அது அங்கும் வரும். பழம், உப்பு, அரிசி ஒன்றையும் உறங்கும் கூடாரத்தில் வைத்திருத்தல் கூடாது. சமையல் ஓரிடம், உறக்கம் ஓரிடம். உண்ட மிச்சத்தைக் கட்டி வண்டிக்குள் பூட்டிவிட வேண்டும். யானை வந்துவிட்டால் வெளிச்சம் பாய்ச்சுவதோ கூச்சலிடுவதோ வேண்டாம்; இடமிருந்தால் ஓசையின்றி வண்டிக்குள் ஏறி, வழிவிட்டு விலகுவதே மேல்.

நிலத்திலே படாத உடம்பு

பாட்டனார் ஒருநாளும் வெறுந்தரையில் உறங்கியதில்லை. வண்டிலின் மேல் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் படுப்பார். அச்சிலே அரிக்கன் லாம்பு தொங்கும். இதை வெறும் பழக்கமென்று நினைத்திருந்தேன். நேபாளத்தின் தென்கிழக்குப் பகுதியில் நடத்தப்பெற்று 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நுளம்பு வலைக்குள் உறங்குவோருக்குப் பாம்புக்கடி மிகவும் குறைவு என்று காட்டியது. கட்டிலும் வலையும், அன்றேல் அடிப்பாகம் சேர்த்துத் தைக்கப்பட்டு முற்றாக மூடக்கூடிய கூடாரமும் போதும். வலையின் விளிம்பைப் பாயின் அடியில் செருகிவிட வேண்டும். கூடாரத்தின் வாயை எப்போதும் மூடியே வைக்கவேண்டும். சப்பாத்தைத் தட்டிப் பார்த்தே காலை நுழைக்கவேண்டும். இரவில் எழுபவர் ரோச் விளக்கின்றி ஓரடியும் வைக்கலாகாது.

கடி நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியவை சிலவே. கீறுதல், உறிஞ்சுதல், இறுக்கிக் கட்டுதல், பாம்பைத் துரத்துதல் ஆகிய யாவும் தீங்கு. கடிபட்டவரை அசையாமல் படுக்கவைத்து, மோதிரம் வளையலைக் கழற்றி, நேரத்தைக் குறித்துக்கொண்டு, வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். தரையில் உறங்கியவர் நள்ளிரவில் காரணமின்றி வயிற்று வலி என்றால், மீனைக் குறை சொல்லாமல் முதலில் பாம்பை நினையுங்கள்.

மலைநாட்டிலே நிலத்தின் பகை வேறு வகையானது. ஹோர்ட்டன் சமவெளி கடல்மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேலே உள்ளது; தை, மாசி மாதங்களில் அங்கே புல்லிலே உறைபனி காண்பதும் உண்டு. குளிர் மேலிருந்து வருகிறதென்று நாம் கம்பளி மேல் கம்பளியாகப் போர்த்துகிறோம். உண்மையில் உடம்பின் சூட்டை வாங்கிக்கொள்வது அடியிலுள்ள நிலம். மேலே ஒன்று போர்த்தினால் கீழே இரண்டு விரிக்கவேண்டும். பாயின் அடியில் பழைய பத்திரிகைத் தாள்களை நாலைந்து அடுக்காகப் பரப்பினால் அதன் சூடே தனி. வாசகர்கள் இந்த வாரமலரைப் படித்து முடித்த பின் எறிந்துவிடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகட்டும்!

இங்கே என் மற்றொரு பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல வருடங்களுக்கு முன், ஒஹியாவுக்கு அருகே ஒரு தை மாத இரவில், குளிருக்குப் பயந்து கரி கனன்ற சட்டியொன்றைக் கூடாரத்துக்குள் எடுத்துவந்து வாயை மூடிக்கொண்டேன். சிறிது நேரத்தில் இதமான உறக்கம் வந்தது. கைக்குழந்தை ஓயாமல் அழுதபடியால் எழுந்தேன்; தலை பிளந்தது, கால் துவண்டது, வாந்தி வந்தது. வெளியே விழுந்தடித்து ஓடிவந்ததால் தப்பினோம். எரியும் கரி காபனோரொட்சைட்டு என்ற வாயுவை உமிழ்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இணைவதால், உடம்பு மூச்சு விட்டுக்கொண்டே மூச்சின்றி இறந்துபோகிறது. கரிச்சட்டியோ வாயு அடுப்போ கூடாரத்துக்குள்ளும் மூடிய வண்டிக்குள்ளும் எக்காரணம் கொண்டும் எரியலாகாது. குளிருக்குச் சுடுநீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலமும் நீரும்

இலங்கை சிறிய தீவாயினும் அதற்கு இரண்டு பருவமழைகள். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கில் மழை. அப்போது கிழக்குக் கரை உலர்ந்து கிடக்கும். மார்கழி முதல் மாசி வரை வடக்கிலும் கிழக்கிலும் மழை. ஆகையால் பொத்துவில், திருகோணமலைப் பக்கங்களுக்கு ஆனி, ஆடி, ஆவணியும், மலைநாட்டுக்குத் தை பிற்பகுதி முதல் பங்குனி வரையும் பொருத்தமானவை. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகலில் இடியும் மின்னலும் கடுமையாகும். கூடாரம் மின்னலுக்குக் காப்பன்று. தகரக் கூரையுடைய வண்டிக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இருப்பதே காப்பு. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழிந்த பின்னரே வெளியே வரவேண்டும். மலைப்பகுதிக்குப் புறப்படுமுன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலையும், மண்சரிவு எச்சரிக்கை உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தேசிய பூங்காக்களில் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க இயலாது. முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றர் நீர் கொண்டுசெல்வது என் கணக்கு. காட்டு நீரைக் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும். உயர்ந்த மலைகளில் நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால், கொதி வந்த பின்னும் மூன்று நிமிடம் விடவேண்டும். கொதிக்கவைத்தல் கிருமியைக் கொல்லும். நீரில் கரைந்த உப்பையும் இரசாயனத்தையும் அகற்றாது என்பதை நினைவில் வையுங்கள். மலேரியா அற்ற நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது உண்மை. ஆனால் டெங்கு இருக்கிறது, அதைப் பரப்பும் நுளம்பு பகலிலே கடிப்பது. வலை இரவுக்கு, நீண்ட கைச்சட்டை பகலுக்கு. பெண்களும் முதியோரும் உடன்வந்தால் மலசலகூட வசதியுள்ள இடத்தையே தேர்ந்தெடுங்கள். அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத சங்கடமே பல பிரயாணங்களைக் கசப்பாக்கிவிடுகிறது.

இத்தனையும் படித்த பின், "இவ்வளவு பயத்தோடு ஏன் போகவேண்டும்? வீட்டிலேயே இருந்துவிடலாமே" என்று கேட்போர் இருக்கக்கூடும். அவனைக் கடித்த இரவின் பின் என் மனைவியும் அப்படித்தான் சொன்னாள். அடுத்த ஆண்டு பிரயாணமே வேண்டாமென்று நானும் ஒப்புக்கொண்டுவிட்டேன். மறுத்தவன் கடிபட்டவன்தான். "அத்தான், நான் கிடந்த அந்த நாலு நாளும் ஆற்றங்கரையைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தனான். பிழைத்தால் திரும்பிப் போகவேண்டும் என்று நினைத்தனான்" என்றான்.

போனோம். அதே காணிக்கு, அதே மருதமரத்தடிக்கு. பாசிக்குடாவைத் தாண்டும்போது பிள்ளைகள் கெஞ்சினார்கள், வண்டி நிற்கவில்லை. நாலு மணிக்கு இறங்கினோம். நான் வண்டியைத் திருப்பி வீதியை நோக்கி நிறுத்தி, திறப்பை ஆணியில் மாட்டினேன். மற்றவர் பைகளை இறக்குமுன் அவன் மடக்குக் கட்டில்களை விரித்து, ஒவ்வொன்றின் மேலும் வலையைக் கட்டிக்கொண்டிருந்தான். பிள்ளைகளின் வலைகளைச் செருகிய பின் ஒவ்வொரு விளிம்பையும் இழுத்துப் பார்த்தான். அப்போது மேற்கே இன்னும் வெயில் இருந்தது.